சிவப்பைப் பச்சையாக்கும் சுவாமி

பெங்களூரில் எங்கள் அலுவலகத்து ஐந்தாம் மாடியில் வியாழன்தோறும் கூட்டம் அலைமோதும். மந்திரிக்கக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மேனேஜர்கள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் எம்.டெக். படித்த கும்பல்.

உள்ளே தத்தாத்ரேய ஹெப்பார் சுவாமி. வேலை அட்டவணையில் சிவப்பு விழுந்தால், அதாவது கெடு தவறும் என்று மென்பொருள் எச்சரித்தால், அது காலதோஷமாம். கணினியோடு திரைக்குப் பின்னால் போவார். கற்பூர வாசனை வரும். பத்து நிமிடத்தில் அட்டவணை முழுக்கப் பச்சை. சால்வை, காசோலை, சாஷ்டாங்க நமஸ்காரம்.

எங்கள் மேனேஜர் ரேவண்ணாவும் பச்சை வாங்கி வந்தார். ஜூன் பத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மென்பொருளை ஒப்படைக்க வேண்டும். வேலையோ பாதி தாண்டவில்லை. சோதனைப் பிரிவு வினுதாவுக்கு ஏழாம் மாதம். ஒப்படைத்த மறுநாளே பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள். கெடு சறுக்கினால் அவள் விடுப்பும் சறுக்கும்.

"சார், ஆஸ்பத்திரில ஆறு வாரம் கூடக் கேளுங்க."

"எதுக்கும்மா? எல்லாம் பச்சையா இருக்கே. அப்படியே இழுத்தா, நீ லீவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோ."

"குழந்தைக்குக் கெடு நீங்க வெக்கல சார்."

அடுத்த வியாழன் ரேவண்ணாவை இழுத்துக்கொண்டு அவளும் வரிசையில் நின்றாள். பின்னாலேயே நாங்கள்.

"சுவாமி, ஒரு சின்ன சந்தேகம். மென்பொருள் எழுதி முடிக்கிற தேதிய ஆகஸ்டுக்குத் தள்றேன்." ரேவண்ணாவின் மடிக்கணினியில் தட்டினாள். "ஒப்படைக்கிறது இப்பவும் ஜூன் பத்துதான். இன்னும் பச்சைதான். எழுதாததை எப்படி ஒப்படைக்கிறது?"

"அதுதாம்மா அருள்," என்றார் சுவாமி.

ரேவண்ணாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வினுதா மாற்றங்களின் பதிவைத் திறந்தாள். இது முடிந்தால்தான் அது என்று வேலைகளை ஒன்றோடொன்று கட்டும் கோடுகள் நாற்பத்தொன்று. அத்தனையும் போன வியாழன், கற்பூரம் எரிந்த அந்தப் பத்து நிமிடத்தில் வெட்டப்பட்டிருந்தன. கோடு போனால் ஒன்றின் தாமதம் அடுத்ததை எட்டாது. சிவப்பும் வராது. இவ்வளவுதான் மகிமை.

"நாஸ்திகர் கை பட்டுடுச்சு," என்று முனகிய சுவாமி, கற்பூரத் தட்டையும் மறந்து லிஃப்டுக்கு ஓடினார்.

கோடுகளை மறுபடி போட்டதும் திரை முழுக்கச் சிவந்தது. ரேவண்ணா அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். முணுமுணுத்துக்கொண்டே ஆறு வாரம் கொடுத்தார்கள்.

"நீ சொன்ன தேதில கிளம்பும்மா, வேற ஆள் போடறேன்."

சிவப்பு தோஷமில்லை ஐயா, சேதி. அதை அழித்துத் தர ஆயிரம் சுவாமிகள் வருவார்கள். படித்துப் பார்க்க உங்களுக்கு இருப்பது ஒரே தலை. அதையும் கும்பிட மட்டுமே குனிய வைக்காதீர்கள்.