மூன்றடிப் புங்க மரம்

கள்ளக்குறிச்சியில் கொளஞ்சியப்பன் என்பவர் ஒரு நாளிதழின் சுற்றுச்சூழல் நிருபராகப் பணியாற்றி வந்தார். வாரத்தில் ஆறு நாள், ரோஜாச் செடிக்கு முட்டை ஓடு போடுவது எப்படி, மொட்டை மாடியில் புடலங்காய் காய்க்க வைப்பது எப்படி என்று எழுதுவார். மீதி ஒரு நாள் இயற்கையைக் காப்பாற்றுவார்.

அப்படிக் காப்பாற்ற வேண்டிய ஒரு வியாழக்கிழமை, கல்வராயன் மலையடிவாரத்தில் ஆயிரம் மரக்கன்று நடும் விழாவின் ஏற்பாடுகளைப் பார்க்கப் போனார். ஏற்பாடுகள் சிறப்பாகவே இருந்தன. கன்று நட இடம் வேண்டுமே என்று, அங்கிருந்த பன்னிரண்டு புங்க மரங்களில் பதினொன்றை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றின் கீழே, குழி வெட்ட வந்த பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் பச்சையம்மாள் என்பவர் எழுந்து வந்தார்.

"பேப்பர்காரருங்களா? மரம் வெக்கணும்னு எங்கள இட்டாந்துட்டு, இருக்கிற மரத்த வெட்டிக்கினு இருக்காங்களே, இது இன்னா நாயங்க? என் மூணு புள்ளைங்களும் இந்தக் கிளையில தூளி கட்டித் தூங்கினதுங்க. இந்த ஒண்ணயாச்சும் வுடச் சொல்லுங்க."

பசுமைப் பெருக்கத் துறை அதிகாரி தங்கதுரை பந்தலுக்குள் மின்விசிறி முன்னால் அமர்ந்திருந்தார். கொளஞ்சியப்பன் நேரே அவரிடம் போனார்.

"மரத்தை ஏன் சார் வெட்டுறீங்க?"

தங்கதுரை பதிவேட்டைப் புரட்டினார். "எந்த மரம்? இந்த இடத்துல மரமே கெடையாதே."

"அதோ நிக்குதே!"

"நிக்குது. நட்டவர் யாரு? நட்ட தேதி என்ன? சிறப்பு விருந்தினர் யாராவது தண்ணி ஊத்தினாங்களா? ஒண்ணுமில்ல. தானா முளைச்சதுக்கெல்லாம் நாங்க பொறுப்பேற்க முடியாது, நிருபர் சார். அது துறைக்குத் தெரியாம வளர்ந்திருக்கு."

நிருபரின் பின்னாலேயே வந்திருந்த பச்சையம்மாள்தான் வழி சொன்னார்.

"அப்ப, வர்றவரு பேர எழுதி அதுலயே மாட்டிடுங்க சார். அவரே வெச்சதா இருந்துட்டுப் போவட்டும். எங்களுக்கு நெழலு போதும்."

தங்கதுரை ஆழ்ந்து சிந்தித்தார். இருபத்தெட்டு ஆண்டுப் பணிக்காலத்தில் இவ்வளவு முறையான கோரிக்கை அவரிடம் வந்ததில்லை. "ஏற்கத்தக்கது" என்று அங்கேயே குறிப்பெழுதிக் கையொப்பமிட்டார். பச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு மரத்தைக் காப்பாற்றிய பெருமையோடு கொளஞ்சியப்பன் வீடு திரும்பினார்.

மறுநாள் காலை விழாவுக்கு வந்தார். புங்க மரம் அதே இடத்தில்தான் இருந்தது. பெயர்ப் பலகையும் மாட்டியிருந்தது. உயரம் மட்டும் மூன்றடி.

"என்ன சார் இது?" என்று அலறினார்.

"மரக்கன்று மூன்றடிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி," என்றார் தங்கதுரை. "அதுவும் போக, விருந்தினர் முகம் போட்டோவுல மறைஞ்சிடும். நீங்க கேட்டுக்கிட்டதுக்காகத்தான் வேரோட எடுக்காம வுட்டிருக்கோம்."

சிறப்பு விருந்தினர் அந்த அடிமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். பச்சையம்மாள் தட்டவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்றார். தன்னைச் சொன்னாரா, நிருபரைச் சொன்னாரா என்று கேட்கக் கொளஞ்சியப்பனுக்குத் தைரியம் வரவில்லை.

நடந்ததை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பினார்.

"வெட்டின மரம் பசுமைப் பக்கத்துல எப்படிய்யா வரும்? குற்றப் பக்கத்துக்கு அனுப்பு," என்றார் ஆசிரியர்.

"இதுல புகார் கொடுத்தது யாரு?" என்றார்கள் குற்றப் பக்கத்தில்.

இரண்டு நாள் மல்லுக்கு நின்று, ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கத்துக்கு, வெட்டிய மரத்தின் படத்தோடு வெளிவரச் செய்தார்.

ஒரே வாரத்தில் நாற்பது கடிதங்கள் வந்தன. அவர் எழுதிய எதற்கும் மூன்றுக்கு மேல் வந்ததில்லை. முதல் உறையைப் பிரித்தார். நைனார்பாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பொன்னுரங்கம் எழுதியிருந்தார்:

"தங்கள் கட்டுரையைப் படித்துக் கண் கலங்கினேன். எங்கள் வாசலிலும் ஒரு புங்க மரம் இலையைக் கொட்டிக் காரைப் பாழாக்குகிறது. இவ்வளவு சுத்தமாக வெட்டிய ஆளின் போன் நம்பர் கிடைக்குமா?"

மற்ற முப்பத்தொன்பது பேர் கண் கலங்கவில்லை. நேராக நம்பரைத்தான் கேட்டிருந்தார்கள்.