எதுவும் உடையாத விண்வெளி நாடகம்

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை மிக எளியது. ஆண்டிறுதி விழாவில் இரண்டு மாணவிகளைச் சிறிது நேரம் மேடையேற்ற வேண்டும். எதுவும் உடையக் கூடாது.

கடைசி வாக்கியம் பாடசாலை அதிபருடையது.

"டீச்சர், இந்த மண்டபம் துரை மனம் வைச்சுத் தந்தது. ஒரு ஆணி கழண்டாலும் திருப்பிக் கேட்டிடுவார். பிறகு மூண்டு வகுப்பும் மழையிலதான். விளங்குதோ?"

விளங்கியது. நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை எங்களுடையது. தோட்டத்தை நிர்வகித்த துரை இரவல் தந்த, மூன்று வகுப்புகள் நடந்த பழைய உரக் களஞ்சியத்தைத்தான் அதிபர் மண்டபம் என்று மரியாதையாக அழைத்தார்.

சிக்கல் நாடகத்தில் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்திருந்தது. அதில் ஒரு கார்ட்டூன். விண்வெளியில் எங்கே வில்லங்கம் என்றாலும் தீர்த்துவைக்க இரண்டு இளம்பெண்களை அனுப்புவார்கள். அவர்கள் போவார்கள், வில்லங்கம் தீரும், கூடவே அந்தக் கிரகமும் தீர்ந்துவிடும். முடிவில் இருவரும் புகைக்குள் நின்றுகொண்டு, தங்கள்மேல் தவறில்லை என்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மேனகாவும் செல்வராணியும் அவர்களாகத்தான் நடிப்பார்களாம்!

நான் நெடுங்காலம் இலக்கணம் கற்பித்தவள். பொறுப்பற்ற முடிவுகள் எனக்கு ஒவ்வா. ஆகவே நாடகத்தைத் திருத்தி எழுதினேன். என் நாடகத்தில் அவ்விரு பெண்களும் கிரகத்துக்குச் செல்வர், இரு தரப்பினரையும் விசாரிப்பர், அறிவுரை கூறுவர், வணங்கி விடைபெறுவர்.

மேனகா வாசித்து முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், வெடிக்கிறது எங்க டீச்சர்?"

"வெடிக்காது."

"ஒரு சின்ன நட்சத்திரமாவது?"

"ஒன்றும் வெடிக்காது!"

செல்வராணி அவள் காதில் ஓதியது எனக்கும் கேட்டது. "இதுக்கு எதுக்குடி ஆகாயத்துக்குப் போகணும்? நம்ம தலைவர் வீட்டுலயே பேசி முடிச்சிறலாமே."

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரை என் கதாநாயகியருக்கு ஒப்பிட்டதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

விண்கலத்துக்குத் தொழிற்சாலையில் பழைய தேயிலைப் பெட்டிகள் கிடைத்தன. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து வெளியே ஒட்டினோம். பளபளவென்றிருந்தது. அதைப் பக்கவாட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வருவதாகப் பிள்ளைகள் திட்டமிட்டிருந்தார்கள்.

தள்ளிக்கொண்டா? சந்தைக்குப் போகும் கோவா மூட்டையா அது? விண்கலம் மேலிருந்து இறங்குவதே முறை.

சீலிங் பலகையில் ஒரு கொக்கி இருந்தது. மேசைமேல் ஏறி அதை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. ஆடாதது உறுதியானது என்று முடிவு செய்து, கயிற்றை மாட்டினேன். கலம் இறங்கும் இடத்தின் இருபுறமும் சுண்ணக்கட்டியால் இரண்டு வட்டங்கள் போட்டேன்.

"இந்த வட்டத்தை விட்டு நகரக் கூடாது."

"சரிங்க டீச்சர்."

விழா அன்று துரை முன்வரிசையில், வெள்ளைச் சட்டையில். அருகில் அதிபர், பிரார்த்தனையில். நான் மேடையின் பின்திரைக்குப் பின்னால், கயிற்றோடு.

கலம் கம்பீரமாக இறங்கியது. பாதியில் நின்றது.

"ஏன்டி, நடுவானத்துல நிக்குது!" இது மேனகா. என் நாடகத்தில் இல்லாத வசனம்.

"டீசல் தீந்துருச்சு போல!" இதுவும் இல்லை.

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஆலோசனைகள் வந்தன. "டீச்சரம்மா, நல்லா இழுங்க!" "அட, விட்டு இழுங்க!"

விட்டு இழுத்தேன். என் கயிறு திரைக்கயிற்றில் சிக்கியிருந்ததை அப்போதுதான் அறிந்தேன். பின்திரை அறுந்து விழுந்தது. ஒரு காலைச் சுவரில் ஊன்றிக் கயிற்றோடு மல்லுக்கட்டும் என்னை ஊரே பார்த்தது.

கைதட்டினார்கள்! மேனகாவும் செல்வராணியும் வட்டத்தை விட்டு ஓடி வந்து, எனக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தார்கள்.

"வட்டத்துக்குப் போங்கள்!"

"ஒரே ஒரு இழு இழுங்க டீச்சர்!"

ஒரே ஒரு இழுவைதான்.

கொக்கி வந்தது. கொக்கியோடு பலகை வந்தது. பலகையோடு பக்கத்துப் பலகைகள் எல்லாம் வந்தன. அவற்றின்மேல் பல தலைமுறை வௌவால்கள் சேர்த்துவைத்த எச்சமும் வந்தது. எல்லாம் மிக ஒழுங்காக, நான் போட்ட இரண்டு வட்டங்களின்மேல் விழுந்தன.

தூசி அடங்கியது. துரையின் சட்டை இப்போது வெள்ளையாக இல்லை.

"எங்க மேல தப்பில்ல!" என்று மேனகா சபையைப் பார்த்துக் கூவினாள். நான் வெட்டியெறிந்த வசனம்.

யாரும் சிரிக்கவில்லை. துரை மேடையேறி வந்தார். ஒரு பலகையை எடுத்து விரல்களால் நெரித்தார். பிஸ்கட் போல உதிர்ந்தது. முழுக்கக் கறையான்.

"டீச்சர், பிள்ளைங்க எங்க நிக்க இருந்தாங்க?"

வட்டங்களைக் காட்டினேன். எனக்குக் கீழ்ப்படிந்திருந்தால் அந்த இருவரும்... அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடிக்கவில்லை.

துரை மேலே பார்த்தார். "இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு பிள்ளையும் வரப்படாது."

அதிபர் கண்களை மூடிக்கொண்டார்.

"அடுத்த தவணைக்கு வகுப்பு நடத்த ஸ்டாப் கிளப்பை எடுத்துக்கோங்க. இத இடிச்சிட்டுப் புதுசா கட்டித் தாறேன்."

தோட்ட உத்தியோகத்தர்கள் கூடும் ஸ்டாப் கிளப்! சிமெந்துத் தரை, மின்விளக்கு, மூடினால் மூடுகிற யன்னல்கள்!

துரை போனபின் அதிபர் தலையிலிருந்த எச்சத்தைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். ஏச்சு வாங்க ஆயத்தமாக நின்றேன்.

"டீச்சர்."

"சேர்."

"எங்கட மலசலகூடமும் ஒழுங்கா இல்லை. அடுத்த வருஷ நாடகத்தை அந்தப் பக்கமா வைப்பமோ?"