கூட்டத்தொடர் முடியட்டும், பேர் வைக்கலாம்

மாண்புமிகு எம்.பி. ஐயா அவர்கள் சமூகத்துக்கு, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டு ராசாங்கம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சம்சாரம் ஆண்டாயியும் முந்திரி மரங்களும் நலம். உங்கள் நலத்தை தினமும் டி.வி.யில் பார்த்துக்கொள்கிறோம். நான் கைநாட்டு. சொல்லச் சொல்ல எழுதுவது ரேஷன் கடை பரிமளா. எழுத்து அவளுடையது, வருத்தம் என்னுடையது.

விஷயம் என் கொள்ளுப்பேரனுக்குப் பேர் வைப்பது. எங்கள் குடும்பத்தில் சண்டைக் காலத்தில் பிறக்கிற பிள்ளைக்கு எம்.பி. கையால்தான் பேர். எழுபத்தொன்றாம் வருசச் சண்டையில் என் மகன் பிறந்தான். அன்றைய எம்.பி., பாராளுமன்றத்துக்கு லீவு விட்டதும் மாட்டுவண்டியில் வந்து, கம்மங்கூழ் குடித்து, மீசையில் ஒட்டியதைத் துடைக்காமலே 'அறிவரசன்' என்று வைத்தார். "சண்ட முடிஞ்சிடுச்சு ராசாங்கம், இனிமே அரசியலையே சீர்திருத்திப்புடுவோம்" என்றும் சொன்னார். பேர் மட்டும் நிலைத்தது.

அந்த அறிவரசன் மகள் புவனேஸ்வரிக்கு, இந்த எல்லைச் சண்டை நடந்தபோது ஆண்பிள்ளை பிறந்தது. பந்தல் போட்டோம். கூட்டத்தொடர் முடியட்டும் என்றீர்கள். முடிந்ததும் நம்ம பக்க நியாயத்தைச் சொல்ல வெளிநாடு போய்விட்டீர்கள். பந்தலைப் பிரித்தோம். அடுத்த லீவுக்கு மறுபடி போட்டோம். அன்று உங்களை வரவேற்க அரியலூர் ரயிலடியில் நாளெல்லாம் நின்று, வாடின மாலையை என் கழுத்திலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எந்தத் தேர்தல்ல செயிச்சீங்க என்று கண்டக்டர் கேட்டார். விசாரித்தால், உங்களை அரசியல் சீர்திருத்தக் கமிட்டியில் போட்டுவிட்டார்களாம். எம்.பி.க்கள் சனங்களை அடிக்கடி போய்ப் பார்க்க என்ன வழி என்று ஆராயும் கமிட்டியாம். அந்த வேலையில் சனங்களைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லையாம். உங்கள் உதவியாளர் கோகுலகிருஷ்ணன் தம்பிதான் சொன்னார். பந்தல்காரன் இப்போது கீற்றை எங்க வூட்டுலேயே போட்டு வச்சிருக்கான்.

இதுக்கு நடுவுல குலதெய்வம் கோயில்ல காதுகுத்து. அர்ச்சனைக்குப் பேரு கேட்டாரு பூசாரி. நான் என்ன செய்வேன், வைக்கப்போறவரு பேரையே சொல்லிட்டேன். மொட்டை அவனுக்கு, புண்ணியம் உங்களுக்கு. அடுத்த வாரமே நீங்க அந்தக் கமிட்டிக்குத் தலைவரானீங்க, யோசிச்சுப் பாருங்க. ஊசி போடுற நர்சம்மா 'புவனேஸ்வரி குழந்தை'ன்னு கூப்பிட்டா, வந்திருக்கற புவனேஸ்வரிங்க எல்லாம் எந்திரிக்கிறாங்க. பயலுக்கு ரெண்டு வயசு தாண்டியும் பேரில்லன்னு வூட்டுல எல்லாருக்கும் மனசு விட்டுப்போச்சு. நான் உள்ள நுழைஞ்சா பேச்சை நிறுத்திட்டு ஆளுக்கொரு பக்கம் வெளிநடப்பு செய்யிறாங்க.

உங்ககிட்ட தோத்துப்போன நடராசனைக் கூப்பிடலாம்னு என் மகன் ஒருநாள் வாயெடுத்தான். அந்தாளு தினமும் டீக்கடையிலதான் இருக்காரு, பைக்க எடுத்தா அஞ்சு நிமிசம். தோத்தவருக்கு ஏது கூட்டத்தொடர், ஏது கமிட்டி? வேலையத்த மனுசன் வச்ச பேரு வெளங்குமான்னு அடக்கிப்புட்டேன். எனக்கு இருமல் கூடிக்கிட்டே வருது ஐயா. ஒருவாட்டியாவது அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுப் போயிடணும். இந்த லீவுலயாவது வாங்க. கூழு காய்ச்சி வைக்கிறேன்.

நாட்டுக்குச் சண்டையில்லாமலும், உங்களுக்குக் கமிட்டியில்லாமலும் இருக்க முனியப்பசாமி துணை செய்யட்டும்.

இப்படிக்கு,
ராசாங்கம் (இடது பெருவிரல்)

பின்குறிப்பு: எழுதி முடித்து, பரிமளா வாசித்துக் காட்டினாள். என் தோளில் இருந்த பய, 'நடராசன்' என்று வந்த இடத்தில், "எம் பேரு நடராசன்" என்றான். பரிமளா பேனாவைப் பார்க்கிறாள். அவளுக்கும் தெரியுமாம், அன்னைக்குப் பந்தலில் பாயசம் குடித்தாளாம். நான் ரயிலடியில் நின்ற அன்றே டீக்கடை நடராசனைக் கூப்பிட்டுப் பேர் வைக்கிற காரியத்தை முடித்துவிட்டார்கள். ஆண்டாயியைக் கேட்டேன். "எம்.பி. வருவாருன்னு காத்துக்கிட்டிருக்கற வரைக்கும் நீ கட்டைய நீட்ட மாட்ட, அதான் சொல்லல" என்கிறாள்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். நடராசா என்று கூப்பிட்டுப் பார்த்தேன், ஓடி வருகிறான். புவனேஸ்வரி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். அடுத்த தேர்தலில் நீங்கள் தோற்றுவிட்டால், அந்தப் பிள்ளைக்கு நீங்கள்தான் பேர் வைக்க வேண்டும். அதுவரை காத்திருக்கிறேன்.