பன்னிரண்டு பேருக்கும் தங்கை கல்யாணம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் விடுப்பு விதிகளில் ஒன்று இப்படிச் சொல்லும்: ஒரே பிரிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு ஒரே நாளில் விடுப்பு வழங்கலாகாது. அந்த விதியைக் காவல் காப்பதற்கென்றே என்னை லீவு கிளார்க்காக வைத்திருந்தார்கள். தொழிற்சாலையின் பன்னிரண்டு பேருக்கும் ஒரே திங்கட்கிழமையில் விடுப்பு வாங்கிக் கொடுத்தவனும் நானேதான்.

நடுவட்டம் பக்கத்துத் தோட்டம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது, தகுதிகாண் பருவம். வேலை நிரந்தரம் என்ற உத்தரவு கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும். அது வந்தால்தான் கல்யாணம். பெண் சரசு. அவள் அப்பா பழனிசாமி எங்கள் தொழிற்சாலையின் டீமேக்கர். இலை வாடுவதிலிருந்து தூளாவது வரை அவர் பொறுப்பு. "ஆர்டர் கைக்கு வரட்டுங்க, மறுநாளே தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

இந்தச் சமயத்தில் பெரிய துரைக்கு ஒரு யோசனை உதித்தது. (துரை என்றால் வெள்ளைக்காரர் அல்ல, மானேஜர். நாடு விடுதலையடைந்தும் அந்தச் சொல் அடையவில்லை.) தொழிற்சாலை ஆட்கள் தங்கள் கடிதங்களைத் தாங்களே ஆங்கிலத்தில் எழுத வேண்டும், மாலையில் நான் இலக்கணம் சொல்லித்தர வேண்டும். இலை நிறுக்கும் கொட்டகையில், எடை எழுதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

முதல் நாளே ஃபிட்டர் ஜோசப் எழுந்தார். "ஏனுங்க சார், நான் இருந்தா 'ஆம்', நீங்க இருந்தா 'ஆர்', அவன் இருந்தா 'இஸ்'. எல்லாரும் ஒரே மாதிரிதானுங்களே இருக்கறோம்?"

"அது வெள்ளைக்காரன் போட்ட விதி, ஜோசப்."

"அவன்தான் போயிட்டானுங்களே!"

(நான் அவசரமாக அடுத்த பாடத்துக்குத் தாவினேன்.)

இரண்டு மாதத்தில் எதிர்காலம் வரை வந்துவிட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை பரீட்சை வைத்தேன்: விடுப்புக் கடிதம். மாதிரியைப் பலகையில் எழுதினேன். வரும் திங்களன்று என் தங்கைக்குக் கல்யாணம். ஐ ஷல் பீ ஆன் லீவ்.

"எனக்குத் தங்கச்சியே இல்லீங்களே?" என்றார் பழனிசாமி.

"இலக்கணத்துக்காக இருக்கறதா வெச்சுக்குங்க."

பன்னிரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள். கையெழுத்தும் போட்டார்கள், நான் சொல்லித்தந்தபடி தேதியோடு.

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்தினேன். பெருமை தாங்கவில்லை. ஒவ்வொன்றிலும் கொழுத்த டிக், கீழே என் சுருக்கொப்பம். தாள்களை மேஜைத் தட்டில் வைத்துவிட்டு, அரை நாள் விடுப்பில் குன்னூர் பஸ் ஏறினேன்.

எங்கள் அலுவலகத்தில் லீவு கிளார்க்கின் சிவப்பு டிக் என்றால் ஒரே பொருள்தான்: கணக்கில் லீவு இருக்கிறது, கொடுக்கலாம். தட்டில் இருந்த தாள்களைப் பியூன் வழக்கம்போல் சின்ன துரையிடம், அதாவது உதவி மானேஜரிடம், கொண்டுபோனார். அவர் கடிதத்தைப் படிக்க மாட்டார். டிக்கைப் பார்ப்பார், கையெழுத்திடுவார். மதியத்துக்குள் பன்னிரண்டு பேர் கையிலும் அனுமதிச் சீட்டு.

திங்கட்கிழமை நான் திரும்பியபோது, இரண்டு நாள் மழைக்குப் பிறகு நல்ல வெயில். பச்சை இலை மலைமலையாக வந்து குவிந்திருந்தது. தொழிற்சாலையில் ஒரு ஈ இல்லை. பெரிய துரை வாசலில் நின்றார், கையில் கடிதக் கட்டு.

"பன்னெண்டு பேருக்கும் தங்கச்சி கல்யாணம். பொண்ணு ஒண்ணாய்யா, பன்னெண்டா?"

என் இலக்கணம் முழுவதும் மறந்துபோனது.

வாட்ச்மேன்தான் துப்புக் கொடுத்தார்: எல்லாரும் பைக்காரா ஏரிக்குப் படகுச் சவாரி போயிருக்கிறார்களாம். இலை லாரியில் என்னை ஏற்றி அனுப்பினார்கள். ஏரி நடுவே இரண்டு படகுகள். கரையில் நின்று கத்தினேன். "உடனே வாங்க! லீவு கேன்சல்!"

பன்னிரண்டு குரல்கள் ஒன்றாகத் திரும்பி வந்தன: "வீ ஆர் ஆன் லீவ், சார்!"

ஒரு பிழை இல்லை. அந்த நிலைமையிலும் எனக்குப் புல்லரித்தது.

படகு கொஞ்சம் நெருங்கியது. "ரத்துன்னா எழுத்துல வேணுமுங்க, சின்ன தொரை கையெழுத்தோட. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே?" என்றார் பழனிசாமி, வேர்க்கடலை மென்றபடி.

"ஐயா, ரெண்டு லாரி எலை கொட்டிக் கெடக்குது!"

அவர் வாய் நின்றது. "அட, இத மொதல்லயே சொல்லோணுமல்லங்க!" படகு கரை தட்டுமுன் குதித்துவிட்டார், முழங்கால் தண்ணீரில்.

பாதி இலையைக் காப்பாற்றினார்கள். மீதி சூடேறிச் சிவந்து உரக்குழிக்குப் போயிற்று. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விதிப்படி மூன்று நாளுக்குள் பதில் எழுதி, கடைசி வரியில், கல்யாணம் காத்திருப்பதால் என்னை நிரந்தரம் ஆக்கும்படியும் கேட்டிருந்தேன். (அன்றைய நான் அப்படிப்பட்டவன்.) கோப்பு கோயம்புத்தூர் போய் அங்கேயே குடியேறிவிட்டது.

மாதங்கள் போயின. ஒரு நாள் பழனிசாமி வீட்டுக்குப் போய் நானே சொன்னேன்: "ஆர்டர் வராதுங்க போலிருக்கு. நீங்க வேற எடம் பார்க்கறதுன்னா..."

அவர் திண்ணையில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். "ஏனுங்க, இத்தனை வருசத்துல நான் கேட்ட அன்னிக்கு லீவு கெடைச்சதே இல்லீங்க. கேக்காமலே வாங்கிக் குடுத்தது நீங்க ஒருத்தருதான். ஆர்டர் வர்றப்ப வரட்டும். நீங்க நாள் பாருங்க."

உள்ளே சரசு சிரிப்பது கேட்டது.

எங்கள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பேரும் லீவு கேட்டார்கள். விதிப்படி நால்வருக்கு டிக் போட்டேன். ஐந்தாவது விண்ணப்பம் மாமனாருடையது. (போட்டேன். தெரிந்தே விதியை மீறியது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.)

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது வேலைக்கோ பள்ளிக்கோ போக மனமில்லை என்றால், "தங்கச்சிக்குக் கல்யாணம்" என்றுதான் சொல்வார்கள். ஒரே பிள்ளையான பேரன் உட்பட. சிவப்புப் பேனாவைச் சரசு வீட்டுக்குள் விடுவதே இல்லை.

தலைமை அலுவலகத்தின் பதிலும் வரத்தான் செய்தது. 'விளக்கம் ஏற்கப்பட்டது. பணி நிரந்தரம் செய்யப்படுகிறது. இனித் திருமணம் முதலிய ஏற்பாடுகளைத் தாங்கள் செய்துகொள்ளலாம்' என்று, நான் எழுதிய ஒரு வரியையும் விடாமல் பதில் சொல்லியிருந்தார்கள். உறை வந்து சேர்ந்த தேதி, எங்கள் மூத்த மகளின் முதல் பிறந்தநாள்.