கம்பெனி வாத்தியாரும் எட்டு 'பி' யூனிட்டும்

ஒரு பனியன்கூடத் தைக்காமல் திருப்பூரில் கம்பெனி நடத்திக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்தான். ஆர்டர் இல்லை, கரண்ட் இல்லை என்று ஊரே படுத்துக் கிடந்தாலும் அவருடைய கம்பெனி ஓடும். கதவில் 'எட்டாம் வகுப்பு பி' என்று எழுதியிருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் யூனிட்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அது புழக்கத்தில் இல்லை. தலைமையாசிரியை முதல் வாசலில் மாங்காய் விற்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் கம்பெனி வாத்தியார். நான் பக்கத்து வகுப்பில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன், அதாவது நடத்த முயன்றுகொண்டிருந்தேன். இரண்டு வகுப்புக்கும் நடுவில் மரத் தட்டி மட்டும்தான். அவர் கம்பெனியின் உற்பத்தி மொத்தமும் என் காதில்தான் வந்து இறங்கும்.

லீவு விட்டால் எங்கள் பிள்ளைகளில் சிலர் நிஜமான பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவார்கள். லீவு முடிந்தால் போனவர்கள் எல்லாரும் திரும்பி வரமாட்டார்கள். நாங்கள் ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலாண்டு லீவு முடிந்து எட்டு 'பி' பேச்சியம்மாள் தாமதமாகத் திரும்பி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கணக்கில் கெட்டிக்காரி. "அரைப் பரீட்சை லீவோட நின்னுருவேன் சார், அம்மாகூட கம்பெனிக்குப் போயிருவேன்" என்று கம்பெனி வாத்தியாரிடம் சொன்னாள், என்னவோ பஸ் மாறி ஏறப்போகிறவள் மாதிரி.

அன்று ஆசிரியர் அறையில் அவர் டீயைத் தொடவே இல்லை.

"ஏனுங்க டீச்சர், தப்பு நம்ம மேலதானுங்க. கம்பெனியில பாட்டு ஓடுது, மிஷின் ஓடுது, நேரத்துக்கு டீ வருது. நம்ம கிளாஸ்ல என்னங்க இருக்குது? நாமதான் இருக்கறம். நெம்ப போரடிக்குதுங்க."

"அதுக்கு என்ன சார் பண்றது?"

"கம்பெனிய இங்க கொண்டாந்துருவமுங்க. அப்புறம் அந்தப் புள்ள எதுக்குங்க அங்க போகுது?"

மறுநாளே பெஞ்சுகள் திரும்பின. முதல் வரிசை கட்டிங்: கணக்கைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். அடுத்தது தையல்: துண்டுகளைப் போட்டு முடிக்க வேண்டும். அப்புறம் செக்கிங். கடைசி பெஞ்சு பேக்கிங், அழகாக நகல் எடுத்து மடிக்கிற வேலை. விடை தப்பாக இருந்தால் யாரும் தப்பு என்று சொல்லக் கூடாது. "ஆல்டருக்குப் போகுதுங்க சாமி, பிரிச்சுத் தெச்சுக் கொண்டாங்க" என்பார். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. "உங்களுக்கு மூளை இருக்குதுங்களா, இல்லீங்களா? இருந்தா நாளைக்கு வரும்போது கொஞ்சம் எடுத்துட்டு வாங்க." இயற்கணிதத்துக்கு அவர் போனில் பாட்டு ஓடியது. என் வகுப்பில் தவளையின் ஜீரண மண்டலம் குத்துப்பாட்டில் நனைந்தது.

வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. மணி அடித்தால் பிள்ளைகள் கிளம்பவில்லை, ஓவர்டைம் கேட்டார்கள். பேச்சியம்மாள் செக்கிங் சூப்பர்வைசர் ஆனாள். துணியில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதை ஒரு கட்டு யாரோ கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. சத்துணவு முட்டையில் ஒரு அம்பு. என் சேலையில் ஃபால்ஸ் பிரிந்திருந்த இடத்தில் ஒரு அம்பு. அந்த அம்போடு நான் மூன்று பீரியட் நடத்தியிருக்கிறேன். தலைமையாசிரியையின் சுற்றறிக்கையில் அங்கங்கே அம்பு, கையெழுத்து உட்பட.

"சார், இது பள்ளிக்கூடமா, பனியன் கம்பெனியா?" என்று தலைமையாசிரியை சீறினார்.

"ரெண்டுக்கும் நடுவுலீங்க டீச்சர். இப்போதைக்கு சாம்பிள்தான் போட்டிருக்கறமுங்க."

புகழ் பரவினால் ஆபத்தும் பரவும். கல்வி அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. வாத்தியார் உற்சாகத்தில் வாய் தவறி வகுப்பில் சொல்லிவிட்டார்: "கண்ணுகளா, நாளைக்கு நம்ம கம்பெனிக்கு பையர் வர்றாருங்க."

வெளிநாட்டிலிருந்து வந்து துணி வாங்குகிற பையர் கம்பெனியைச் சோதிக்க வந்தால் என்ன செய்ய வேண்டும், கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாள் காலையில் வகுப்பு பளபளவென்று இருந்தது. சுவரில் முதலுதவிப் பெட்டி தொங்கியது. அது யார் வீட்டுப் பெட்டி என்று இன்றுவரை தெரியாது.

அதிகாரி கேட்டார்: "பாடமெல்லாம் புரியுதா?"

ஒருவன் எழுந்தான். "குடிதண்ணி நல்லாருக்குதுங்க சார்."

"கணக்குல என்ன படிச்சீங்க?"

"யாரும் எங்களக் கட்டாயப்படுத்தறதில்லீங்க சார்."

இன்னொருத்தி முந்திக்கொண்டாள். "தீப்பிடிச்சா அந்தக் கதவு வழியாப் போவமுங்க."

அதிகாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முன்னால் நின்ற பேச்சியம்மாளைப் பார்த்து, "உனக்கு என்ன வயசும்மா?" என்றார். அவள் நிமிர்ந்து நின்று, கண் சிமிட்டாமல் சொன்னாள்: "பதினெட்டு முடிஞ்சிட்டு சார்."

வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அதிகாரியின் சிரிப்பும் பாதியில் நின்றது. கம்பெனி வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இது விளையாட்டுக்குச் சொன்ன பதில் இல்லை, வேறு எங்கோ சொல்லிப் பழகிய பதில் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. 'வகுப்பு ஆர்வமூட்டுகிறது. இனி வழக்கமான முறையில் நடத்தவும்' என்று எழுதி வைத்துவிட்டு அதிகாரி கிளம்பினார்.

அன்று சாயங்காலம் இருவரும் பேச்சியின் வீட்டுக்குப் போனோம். வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள காம்பவுண்டு. வகுப்பை இன்னும் சுவாரசியமாக ஆக்குவது பற்றி வழியெல்லாம் ஒரு பிரசங்கத்தைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தார் வாத்தியார். பேச்சியின் அம்மா அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு வந்திருந்தாள்.

"அம்மா, பாப்பாவுக்கு எங்க கிளாஸ் புடிக்கலீங்களா?"

"ஒங்க கிளாஸ்னா அவளுக்கு உசுரு சார். நான் வச்ச கொழம்புலகூட குத்தம் கண்டுபிடிச்சிச் சொல்லுதா."

"அப்புறம் எதுக்குங்க கம்பெனிக்குக் கூட்டீட்டுப் போறீங்க?"

"வேற என்னத்த செய்யச் சொல்லுதீய? பள்ளிக்கூடம் விட்டா நான் வார வரைக்கும் ஒத்தையில கெடக்கா. லீவுன்னா பகல் பூரா. பக்கத்து ரூம்ல யாரு இருக்கா, யாரு போறான்னு ஒண்ணுந் தெரியாது. வளந்த பிள்ள சார். என் மிஷினுக்குப் பக்கத்துல இருந்து பிசிறு வெட்டுனான்னா எனக்கு நெஞ்சு படபடக்காது. யாராவது வயசக் கேட்டா பதினெட்டுன்னு சொல்லச் சொல்லி கம்பெனியில சொல்லியிருக்காவ."

வாத்தியாருக்குப் பிரசங்கம் மறந்துபோயிற்று. கட்டிங், தையல், செக்கிங், பாட்டு எதற்கும் இந்தக் கேள்வியில் வேலையே இல்லை. "உங்க ஷிஃப்ட் முடியற வரைக்கும் ஸ்கூல்லயே இருக்கட்டுமுங்க. லீவுலயும் திறந்து வெக்கறம். டீச்சரும் இருப்பாங்க" என்றார். நான் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

உத்தரவில்லாமல் லீவில் பள்ளியைத் திறக்கவே முடியாது என்று தலைமையாசிரியை சாவியைக் கொடுக்க மறுத்தார். அரையாண்டு லீவின் முதல் நாள் காலை அவரே வந்து திறந்தார், யாரும் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தாராம். பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பேச்சியும் வந்தாள். வாத்தியார் ஒரு கணக்கும் போடவில்லை, ஒரு பாட்டும் வைக்கவில்லை. பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார். பிள்ளைகள் கேரம் ஆடினார்கள், சண்டை போட்டார்கள், பெஞ்சில் தலை வைத்துத் தூங்கினார்கள்.

"என்ன சார், இது என்ன புது முறை?" என்று கேலி பண்ணினேன்.

"ஒண்ணுமில்லீங்க டீச்சர். சும்மா உக்காந்திருக்கறனுங்க. இத்தன நாளா இது தோணலீங்களே."

ஜனவரியில் பேச்சி வகுப்புக்கு வந்தாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். கம்பெனி வாத்தியார் மாற்றலாகி, விசைத்தறிகள் நிறைந்த மங்கலம் போய்விட்டார். அங்கே அவர் வகுப்பில் நாலு தறி ஓடுவதாகக் கேள்வி.

போன லீவுக்கு நான்தான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்த பேச்சியின் அம்மா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அந்த சார் இனிம வரமாட்டாவளா டீச்சர்?"

"மாற்றலாகிப் போயிட்டாரும்மா."

"அவிய இருந்தா நல்லாருக்கும்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது.