பதினொரு முட்டையும் ஒரு சுத்தியலும்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தவளையைவிட ஒரு படி மேல். எழுத்து மூலமாகக் கெட்டவன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. வருகிற சரக்குக்கெல்லாம் மஞ்சள் டேக் கட்ட வேண்டும்: என்ன சரக்கு, எத்தனை, எப்போது வந்தது, எப்போது காலாவதி. கல்யாணமான புதிதில் இந்த வேலை என் தலைக்கேறியிருந்தது. வீட்டுப் புளி டப்பாவுக்குக்கூடக் காலாவதி தேதி எழுதி ஒட்டினேன். (புளி பழசானால்தான் ருசி என்று என் மனைவி ஸ்டெல்லா சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.)

பொன்னேரியில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஸ்டெல்லா இரண்டு நாட்டுக்கோழி வளர்த்தாள். சோழவரத்திலிருந்து அவள் அண்ணன் தன் சேவலை ஸ்கூட்டரில் கூட்டிவந்து பத்து நாள் விருந்தாளியாக விட்டுப்போனார். அந்தச் சேவலுக்கு நடந்த உபசரிப்பு மாப்பிள்ளையான எனக்கு நடந்ததில்லை. கோழிகள் முட்டை போடத் தொடங்கின. ஒரு கோழியாவது அடைக்கு உட்காரும்வரை அவற்றைக் கெடாமல் சேர்த்துவைக்க வேண்டும். வந்ததோ மே மாதம், எங்களுடையதோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

“வெளிய வச்சா வெக்கைல கெட்டுப்பூடும். ஃபிரிட்ஜ்ல வச்சா உள்ள கீற உசுரு குளுர்ல செத்துப்பூடும். நடுவாந்தரமா ஒரு எடம் வோணுமே” என்று புலம்பினாள்.

“எங்க கம்பெனில கோந்து கெடாம வைக்கிற ஏசி ரூமு கீது. ராப்பகலா பதினாறு டிகிரி. முட்டைங்க ராஜா மாரி இருக்கும்” என்றேன்.

கல்யாணமாகி முதல் முறையாக என்னை மரியாதையோடு பார்த்தாள். “கூர்முனை கீழ இருக்கணும். தெனம் ஒரு தபா சாச்சி வைக்கணும். கழுவித் தொலைக்காத. ஏழு நாளுக்கு மேல வச்சிக்காத, சொல்ட்டேன்.”

தினமும் டிபன் டப்பாவில் உமி பரப்பி, ஒன்றோ இரண்டோ முட்டையை மின்சார ரயிலில் கொண்டுபோனேன். கேட்டில் டப்பாவைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி, “பச்சை முட்டையா துன்ற?” என்றார். “ஒடம்புக்கு நல்லதுண்ணே” என்றேன். என் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நம்பாமலேயே உள்ளே விட்டார்.

ஏழு நாளில் பதினொரு முட்டை. வேறு யாராக இருந்தாலும் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவைத்திருப்பான். நான் டேக் கட்டினேன். சரக்கு: முட்டை. சப்ளையர்: வீடு. வைக்கும் முறை: கூர்முனை கீழே. வந்த தேதி என்ற இடத்தில் முதல் முட்டையின் தேதியையே மொத்தத்துக்கும் போட்டேன். காலாவதி: ஏழு நாள். தள்ளி நின்று ரசித்துவேறு பார்த்தேன்.

எட்டாம் நாள் காலை, ஸ்டெல்லா சந்தோஷத்தில் குதித்தாள். “கருப்பி அடைக்குக் குந்திக்கிச்சுப்பா! சாயங்காலம் மொத்த முட்டையும் எடுத்துக்கினு வந்துடு.”

அன்றைக்கென்று பார்த்து, எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஆடிட்டுக்கு ஓர் அம்மா வந்து இறங்கினார். ஊர் நாமக்கல். கோந்து அறையில் இருந்த அத்தனை டிரம்மையும் தாண்டி நேராக என் டேக்குக்கு முன்னால் போய் நின்றார்.

“இது என்னங்க?”

“டிரையல் மெட்டீரியல், மேடம்” என்று மேனேஜர் முந்திக்கொண்டார். அந்தப் பொய்யோடு ஸ்டெல்லாவின் முட்டை கம்பெனி சரக்காகிவிட்டது.

அந்த அம்மா டேக்கை வரிவரியாகப் படித்தார். “கூர்முனை கீழ. சரியாத்தான் வெச்சிருக்கீங்க.” எனக்குப் புல்லரித்தது. “ஆனா நேத்தோட காலாவதி ஆயிருச்சுங்களே?”

“எட்டு நாளுக்கு ஒண்ணும் ஆவாது மேடம்...” என்று இழுத்தேன்.

“எனக்குத் தெரியாதுங்களா? எங்கூர்ல பத்து நாள் முட்டையவே அடை வெப்பாங்க, பொரிச்சிருமுங்க. ஆனா ஏழுன்னு எழுதுனது நீங்கதானுங்களே?”

காலாவதியான சரக்கு கேட்டைத் தாண்டக் கூடாது. யாரும் மறுபடி உபயோகிக்க முடியாதபடி சிதைத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இதுதான் எங்கள் விதி. ரப்பர் என்றால் கத்தி, இரும்பு கிளிப் என்றால் சுத்தியல். மேனேஜரே ஓடிப்போய்ச் சுத்தியல் எடுத்துவந்தார். (அவர் தன் கையால் ஒரு பொருளை எடுத்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.)

ஒரு வாளியில் ஒவ்வொன்றாக உடைத்தேன். நாலைந்து போனதும் ஸ்டெல்லா குதித்த குதி ஞாபகம் வந்து நிஜமாகவே அழுதுவிட்டேன். “கம்பெனி சரக்கு மேல இன்னா பாசம்யா உனக்கு!” என்று மேனேஜர் தோளில் தட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார்.

சாயங்காலம் ஸ்டெல்லா கூடையில் வைக்கோல் பரப்பிக் காத்திருந்தாள். டப்பாவைத் திறந்தாள். உமி மட்டும்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

“ஏழுன்னு எவன் எழுதுனது?”

“நாந்தான்.”

வெறும் வைக்கோலில் நாலு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கருப்பி எழுந்துவிட்டது. அந்தக் கூடையைக் கடக்கும்போதெல்லாம் நான் கொலைகாரன்போலத் தலைகுனிந்து போனேன். ஸ்டெல்லா என்னோடு இருபத்தொரு நாள் பேசவில்லை. குஞ்சு பொரிக்க ஆகும் நாள் கணக்கு அது.

இருபத்திரண்டாம் நாள் காலை என் முன்னால் ஒரு தட்டு வந்தது. அதில் ஒரு முட்டை, ஒரு சுத்தியல், ஒரு பேனா. “ஆம்லெட் வோணும்னா ஒடச்சி, கையெழுத்து போட்டுக் குடு.” காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பியது.

பிறகு சேவல் மறுபடி வந்தது, குஞ்சுகளும் பொரித்தன. முட்டைகள் இப்போது ஈர மணல்மேல் வைத்த மண்சட்டியில் இருக்கின்றன. பேனாவோடு நான் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட்டுக்கு இன்றும் சுத்தியல்தான்.

போன வாரம் எங்கள் மகளிடம் பள்ளியில் ஆம்லெட் எப்படிப் போடுவது என்று மிஸ் கேட்டிருக்கிறார். “மொதல்ல அப்பா சுத்தியால ஒடைக்கணும். அப்புறம் அப்பாவும் அம்மாவும் கையெழுத்து போடணும்” என்றிருக்கிறாள். எங்களை வரச்சொல்லி டைரியில் மிஸ் எழுதி அனுப்பியிருந்தார். அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு இரண்டு கோடு.

ஸ்டெல்லா பேனாவை நீட்டினாள். “போடு. தேதி மட்டும் நான் எழுதிக்கிறேன்.”