மாப்ள கேக்கு

சமையல் வீடியோ பார்க்கும் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. பார்த்து முடித்ததுமே செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். கல்யாணமான புதிதில் எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

அன்று என் மனைவி ஸ்டெல்லாவின் பிறந்தநாள். இண்டூரில் மாமியார் வீட்டில் இருந்தோம். தர்மபுரிக்குப் போய்க் கேக் வாங்கி வரக் கிளம்பிய மாமனாரைத் தடுத்து, "கடைக் கேக்கெல்லாம் எதுக்குங்க மாமா? நானே செய்யறேன்" என்றேன். (என்னை யாரும் கேட்கவில்லை.) சாக்லேட் சிப் குக்கீ கேக், அதுவும் நடுவில் சாக்லேட் பூரணம் வைத்தது. ஓவன் வேண்டாம், அடிகனமான இரும்புச் சட்டி போதும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

மாமியார் தன் இரும்பு வடைச்சட்டியை எடுத்துக் கொடுத்தார். அவருக்குச் சீராக வந்த சட்டி. வருடக்கணக்கில் எண்ணெய் குடித்துப் பளபளவென்று இருந்தது. "பாத்துங்க மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

மைதா, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் பிசைந்து, சாக்லேட்டை உடைத்துப் போட்டு, பாதி மாவைச் சட்டியில் அப்பினேன். உள்ளே வைக்க வேண்டிய சாக்லேட் க்ரீம் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. அதனாலென்ன? வெல்லத்தைப் பாகு காய்ச்சி, கோகோ பவுடரைக் கலந்து ஊற்றி, மீதி மாவால் மூடினேன். மேலேயும் சூடு வேண்டுமே! மூடிபோட்டு, வெந்நீர் அடுப்பிலிருந்து கரியை அள்ளி அதன்மேல் கொட்டினேன். (பிரியாணிக்குத் தம் போடுவார்களே, அதே விஞ்ஞானம்.)

கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து மாமனார் குரல் வந்தது. "யாருடி அது டயர் கொளுத்தறது?"

"சும்மா இருங்க. மாப்ள சமைக்கிறாரு" என்றார் மாமியார்.

சட்டியைத் தட்டில் கவிழ்த்தேன். எதுவும் விழவில்லை. தட்டினேன், குலுக்கினேன். மாமனார் வந்து அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு போடு போட்டார். சட்டி கோயில் மணி மாதிரி ஒலித்ததே தவிர, கேக் அசையவில்லை. கடைசியில் உளி கொண்டுவந்து பெயர்த்தெடுத்தோம்.

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. மாப்பிள்ளை செய்ததை மாமனார் வீட்டில் யார் குறை சொல்வது? மாமா ஒரு துண்டை வாயில் போட்டார். தாடை ஒருமுறை அசைந்தது, அப்படியே நின்றுவிட்டது. பாகு மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

"எப்படிங்க மாமா இருக்கு?"

கண்ணில் நீர் கோக்க, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"மாப்ள ஆசையா செஞ்சது, நல்லாத்தாங்க இருக்கும்" என்றபடி மாமியார் தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டார். "நான் அப்பறமா சாப்டுக்கறேங்க."

ஸ்டெல்லா மட்டும் மரியாதை பார்க்கவில்லை. "மொதல்ல எங்கப்பாவப் பேச வைங்க!" என்று கத்தியவள், அடக்கமாட்டாமல் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெந்நீர் குடித்துக் குடித்து வாய் திறந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை: "அருமைங்க மாப்ள."

எனக்கு அழுகை வராத குறை. என் முகத்தைப் பார்த்த ஸ்டெல்லா ஒரு ஸ்பூனோடு வந்தாள். கருகிய அடிக்கும் வேகாத மேலுக்கும் நடுவில் துழாவி, எங்கோ பதமாக வெந்திருந்த கொஞ்சத்தைச் சுரண்டித் தின்றாள்.

"இந்த ஒரு ஸ்பூன் நல்லாருக்குங்க. நெசமாத்தான்."

அந்த வடைச்சட்டியை மாமியார் ஊறவைத்துப் பார்த்தார், மண் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். இப்போது அதில் கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன. அந்த வீட்டில் ஜன்னல் திறக்காவிட்டாலும், பாட்டில் மூடி கழலாவிட்டாலும், "மாப்ள கேக்கு மாதிரி" என்பார்கள். என்னை வைத்துக்கொண்டேதான்.

போன மாதம் நல்லம்பள்ளியில் என் பைக்கின் சக்கர நட்டு கழலவில்லை. முன்பின் தெரியாத மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "மாப்ள கேக்கு கணக்கா புடிச்சிக்கிச்சுங்க" என்றார்.

"எந்த மாப்ளைங்க?"

"யாருக்குத் தெரியும்? இண்டூருப் பக்கம் எவனோ ஒருத்தனாம்."

"அப்படியா!" என்று நானும் கேட்டுக்கொண்டேன்.